வாசகர் கேள்விகள்: கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரி

போன இதழில் மோகன் குமாரமங்கலம் பற்றி நாலு வரி எழுதினோம். அதில் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி என்று ஒரு பெயர் வந்ததும் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் கேள்விகள் வரத் தொடங்கிவிட்டன. இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

அப்பா, பிள்ளை ரெண்டு பேருமே கேம்பிரிட்ஜில்தான் படித்தார்களா? (வாசகர், அஸ்தம்பட்டி)

இல்லை. அப்பா டாக்டர் ப. சுப்பராயன் ஆக்ஸ்ஃபோர்டு, அங்கே வாதம் (Wadham) என்கிற கல்லூரி. திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலத்து ஜமீன்தார். அந்த ஊர் அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது, இன்று நாமக்கல் மாவட்டம். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராகவும் இருந்தவர். பிள்ளை மோகன் ஈட்டன் பள்ளியில் படித்துவிட்டு கேம்பிரிட்ஜில் கிங்ஸுக்குப் போனார், மாணவர்களின் விவாத மன்றமான கேம்பிரிட்ஜ் யூனியனுக்குத் தலைவரானார். இந்திரா காந்தி அமைச்சரவையில் எஃகுத் துறையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது 1973-ல் விமான விபத்தில் இறந்தார். அவர் மகன் ரங்கராஜன் சேலத்தின் எம்.பி.யாக இருந்தது பலருக்கு நினைவிருக்கும்.

எங்கள் கல்லூரி பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அங்கேயும் இதே ஏற்பாடுதானா? (மாணவர், சூரமங்கலம்)

இல்லை தம்பி, கிட்டத்தட்டத் தலைகீழ். இங்கே பாடம் நடத்துவது கல்லூரி, தேர்வும் பட்டமும் பல்கலைக்கழகம். அங்கேயும் பட்டம் பல்கலைக்கழகத்துடையதுதான், ஆனால் பெரிய வகுப்புகள், ஆய்வகம், தேர்வு எல்லாம் அதன் துறைகளில் நடக்கின்றன. அப்படியானால் கல்லூரிக்கு என்ன வேலை? நீ தங்குவது, சாப்பிடுவது, கோயிலுக்குப் போவது, நூலகத்தில் உட்காருவது எல்லாம் அங்கேதான். உன்னைச் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவெடுப்பதும் கல்லூரியே. அதைவிட முக்கியமாக, வாரந்தோறும் ஒரு ஆசிரியர் முன்னால் நீயும் இன்னொரு மாணவரும் மட்டும் உட்கார்ந்து, எழுதிக்கொண்டுபோன கட்டுரையையோ போட்டுப்பார்த்த கணக்கையோ வரி வரியாகப் பேசித் தீர்க்கும் வகுப்பு இருக்கிறதே, அதையும் பெரும்பாலும் கல்லூரிதான் ஏற்பாடு செய்கிறது. கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு தப்பிக்க முடியாது. எட்டு எட்டு வாரமாக வருஷத்துக்கு மூன்று பருவம், அவ்வளவுதான், ஆனால் அந்த எட்டு வாரத்தில் மூச்சுவிட நேரம் இருக்காது.

நிர்வாகமும் வேறு. கல்லூரிக்குத் தனிச் சொத்து, தனி நிலம், தனிச் சட்டதிட்டம் உண்டு. நம்ம ஊர் ஆதீனங்களை நினைத்துக்கொண்டால் ஓரளவு பிடிபடும். ஃபெல்லோ என்கிற உறுப்பினர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், கிங்ஸில் அவருக்கு ப்ரொவோஸ்ட் என்று பெயர். அரசாங்கம் மாறலாம், பல்கலைக்கழகத்தின் கொள்கை மாறலாம், ஆனால் கல்லூரியின் சொத்தும் முடிவும் அதன் கையில் இருந்ததால்தான் இத்தனை நூற்றாண்டு தாக்குப்பிடித்தது என்பது என் கருத்து.

அந்தக் கல்லூரிக்கு நடுவே பெரிய தேவாலயம் ஒன்றைப் படத்தில் பார்த்தேன். யார் கட்டியது? (வாசகர், ஓமலூர்)

தொடங்கியவர் ஒருவர், முடித்தவர் வேறொருவர். இங்கிலாந்து அரசர் ஆறாம் ஹென்றி 1440-ல் ஈட்டன் பள்ளியையும் அடுத்த வருஷமே கிங்ஸ் கல்லூரியையும் ஏற்படுத்தினார், அப்போது அவருக்கு 19 வயது. முதலில் சின்னதாகத்தான் நினைத்தார், அப்புறம் ஆசை வளர்ந்து, எழுபது பேருக்கான கல்லூரி என்று திட்டத்தைப் பெரிதாக்கினார். அதற்கு இடம் வேண்டுமே. கேம்பிரிட்ஜ் நகரத்தின் நடுவில், ஆற்றங்கரைத் துறைகளை ஒட்டியிருந்த வீடுகள், கடைகள், சந்துகள், ஒரு பழைய தேவாலயம், எல்லாவற்றையும் வாங்கி இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் நின்று படம் எடுக்கும் அந்தப் பச்சைப் புல்வெளி ஒரு காலத்தில் ஜனங்கள் குடியிருந்து வியாபாரம் பார்த்த இடம் என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

1446-ல் கோயிலுக்கு முதல் கல் வைத்தார்கள். அதற்குள் அரச குடும்பங்களுக்குள் சண்டை மூண்டது. 1461-ல் ஹென்றி பதவி இழந்தார், 1471-ல் லண்டன் கோட்டைச் சிறையில் உயிரும் போனது. வேலை நின்று, நடந்து, மறுபடி நின்று, பின்னால் வந்த அரசர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கொடுத்து, கடைசியில் ஏழாம் ஹென்றி விட்டுச்சென்ற பணத்தில் 1515 வாக்கில்தான் கல்வேலை முடிந்தது. சுவரை உற்றுப் பார்த்தால் இந்த இழுபறி தெரியும்: முதலில் வந்த யார்க்‌ஷயர் கல் வெள்ளை, பிறகு வேறு சுரங்கத்திலிருந்து வந்த கல் நிறம் மாறியிருக்கும். உள்ளே சுமார் 24 மீட்டர் உயரத்தில், விசிறி விசிறியாக விரியும் கல் கூரை. அந்த வகைக் கூரைகளில் உலகிலேயே பெரியது அதுதான், கொத்தர் ஜான் வாஸ்டெல் மூன்றே வருஷத்தில் கட்டி முடித்தார். அவர் பெயரையும் அரசர்கள் பெயரோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். வண்ணக் கண்ணாடி ஜன்னல்களில் பெரும்பாலானவற்றை இரண்டாம் உலகப் போரின்போது கழற்றிப் பத்திரமாக ஒளித்துவைத்து, போர் முடிந்ததும் திரும்ப மாட்டினார்கள்.

அந்தப் புல்வெளியில் நடக்கக் கூடாதாமே? (வாசகர், அம்மாபேட்டை)

ஆமாம், ஃபெல்லோக்களுக்கும் அவர்களோடு வருபவர்களுக்கும் மட்டும்தான் அனுமதி.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ரேடியோவில் கேட்கும் பாட்டு அங்கிருந்துதான் வருகிறதா? (வாசகி, ஒண்டிக்கடை, ஏற்காடு)

அங்கிருந்தேதான். முதல் உலகப் போர் முடிந்த வருஷம், 1918 டிசம்பர் 24 அன்று, எரிக் மில்னர்-வைட் என்கிற பாதிரியார் ஒன்பது வேத வாசகங்களும் நடுநடுவே பாடல்களுமாக அந்த ஆராதனையைத் தொடங்கினார். அவர் போர்முனையில் படைவீரர்களுக்குப் பாதிரியாராக இருந்து திரும்பியவர். கல்லூரியிலிருந்து போரில் செத்த பையன்களின் நினைவு எல்லோர் மனதிலும் இருந்த நேரம் அது. 1928 முதல் பிபிசி ஒலிபரப்புகிறது. தொடக்கப் பாட்டின் முதல் சரணத்தை ஒரு சிறுவன் தனியாகப் பாடுவான், எந்தச் சிறுவன் என்று கடைசி நிமிஷம்வரை யாருக்கும் சொல்ல மாட்டார்கள். நம் நேரத்துக்கு இரவு எட்டரை மணிக்கு ஆரம்பம், நீங்கள் வீட்டிலிருந்தே கேட்கலாம்.

பேரும் புகழும் சரி. ஏழைப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் அங்கே இடம் இருந்ததா? (கல்லூரி மாணவி, ஆத்தூர்)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஹென்றியின் விதிகளில் ‘ஏழை மாணவர்கள்’ என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் ஈட்டன் பள்ளியிலிருந்து மட்டும்தான் எடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது, காலப்போக்கில் ஈட்டன் பணக்காரர் பள்ளியாக ஆகிவிட்டது. விளைவு, நானூறு வருஷத்துக்கு மேல், 1865 வரை, வேறு பள்ளிப் பிள்ளை ஒருவர்கூட உள்ளே வரவில்லை. இன்னொரு அநியாயம் கேளுங்கள்: 1851 வரை கிங்ஸ் மாணவர்கள் பல்கலைக்கழகத் தேர்வு எழுதாமலே பட்டம் வாங்கினார்கள்! மதத்தாலும் கதவு மூடியிருந்தது. இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராதவர் ஃபெல்லோ ஆக முடியாது என்ற தடையை 1871-ல் பாராளுமன்றம் சட்டம் போட்டு நீக்கியது. அது நீங்கியிருக்காவிட்டால் ஈரோட்டில் பிறந்த ராமானுஜன் 1918-ல் பக்கத்துக் கல்லூரியான டிரினிட்டியில் ஃபெல்லோ ஆகியிருக்க முடியாது.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். 1869-லேயே பெண்களுக்கென்று கர்ட்டன் கல்லூரி தொடங்கி, 1873-ல் கேம்பிரிட்ஜ் பக்கம் வந்துவிட்டது, தேர்வும் எழுதினார்கள், ஆண்களை முந்தினார்கள்கூட, ஆனால் முழுப் பட்டம் கிடைத்தது 1948-ல். கிங்ஸ் பெண்களைச் சேர்த்தது 1972-ல். சுப்பராயன் படித்த வாதம் கல்லூரியை 1610-ல் கட்டியவரே டாரதி வாதம் என்கிற விதவைப் பெண்மணி. கணவரின் விருப்பத்தை நிறைவேற்ற, ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஒருமுறைகூடப் போகாமல் டெவனிலிருந்தே கடிதம் எழுதி வேலை வாங்கியவர். அவர் கட்டிய கல்லூரியில் பெண்கள் மாணவிகளாக நுழைந்தது 1974-ல்! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. இப்போது நிலைமை மாறியிருக்கிறது, அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத் தேடிச் சேர்ப்பதில் கிங்ஸுக்குத் தனிப் பெயர் உண்டு.

அங்கே படித்த பெரியவர்கள் யார்? (வாசகர், மேட்டூர்)

கணினி அறிவியலுக்கு அடித்தளம் போட்ட ஆலன் டூரிங், 1931-ல் மாணவராக வந்து 1935-ல், 22 வயதில், ஃபெல்லோ ஆனார். பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் அங்கேயே படித்து, பிறகு கல்லூரியின் கணக்கு வழக்கையும் முதலீடுகளையும் பல வருஷம் பார்த்துக்கொண்டார்.

எங்கள் பையன் ப்ளஸ் டூ. விண்ணப்பிக்க என்ன செய்ய வேண்டும்? (பெற்றோர், தாரமங்கலம்)

இளநிலைப் படிப்புக்கு யூகாஸ் (UCAS) என்கிற பொது விண்ணப்ப இணையதளம் வழியாக, வழக்கமாக அக்டோபர் 15-க்குள், அதாவது படிப்பு தொடங்குவதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முன்பே, விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரியைக் குறிப்பிடலாம், குறிப்பிடாமல் விட்டால் அவர்களே ஒன்றை ஒதுக்குவார்கள். நேர்காணல் உண்டு, பாடத்தைப் பொறுத்துத் தனித் தேர்வும் இருக்கலாம். செலவுதான் கவனிக்க வேண்டியது: வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு அதிகம், இளநிலைக்கு முழு உதவித்தொகை கிடைப்பது அரிது. அதனால் இங்கே நல்ல கல்லூரியில் பட்டம் முடித்துவிட்டு, முதுகலைக்கோ ஆராய்ச்சிக்கோ கேட்ஸ் கேம்பிரிட்ஜ் போன்ற முழு உதவித்தொகைக்கு முயற்சி செய்யச் சொல்லுங்கள்.