வலது தோள் மேலே போக மறுக்கிறது

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் 20 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 41. நான்கு மாதமாக வலது தோளில் வலி. மேல் தட்டிலிருந்து துணிக்கட்டை எடுக்கக் கையைத் தூக்கினால் பாதியில் சுருக்கென்று பிடிக்கிறது. அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறதாம். வீட்டில் வாய்வு என்கிறார்கள். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் நெஞ்சுத் தசை இறுக்கம் என்கிறார். தோளுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்? ஞாயிற்றுக்கிழமை கேரம் ஆடுவேன், அதை விட்டுவிட வேண்டுமா?

பதில்: சம்பந்தம் உண்டு. இப்போதே பார்த்துவிடலாம். மெஷின் முன்னால் உட்காருவது போலக் கூன் போட்டு உட்கார்ந்து, கையைப் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்குங்கள். எதுவரை போகிறது என்று பார்த்துக்கொண்டு இறக்குங்கள். இப்போது முதுகை நிமிர்த்தி மறுபடி தூக்குங்கள். பெரும்பாலும் கை இன்னும் கொஞ்சம் மேலே போகும்.

கையைத் தலைக்கு மேல் கொண்டுபோவது தோள் மூட்டு மட்டும் பார்க்கிற வேலை இல்லை. தோள்பட்டை எலும்பும் கூடவே சுழன்று, பின்பக்கம் சாய்ந்து வழிவிட வேண்டும். 180 டிகிரியில் சுமார் 60 டிகிரி அதன் பங்கு. நெஞ்சின் பெரிய தசைக்கு அடியில் சின்னத் தசை ஒன்று இருக்கிறது. 3, 4, 5-ஆவது விலா எலும்புகளில் தொடங்கி, தோள்பட்டை எலும்பின் முன்பக்கம் காக்கை மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் போய்ப் பிடிக்கும். அது இறுகினால் எலும்பு முன்னால் கவிழ்ந்தே நிற்கும். மேலே இருக்கும் எலும்புக்கும் கை எலும்புக்கும் நடுவில் ஓடும் தசைநாண் உரசலாம், நசுங்கலாம். கை 60 டிகிரியிலிருந்து 120 டிகிரி வரை போகும்போது வலித்து, அதைத் தாண்டினால் குறைந்தால், கோளாறு அங்கேதான் என்று சந்தேகப்படுவோம்.

உங்கள் தொழில் பாஷையில் சொன்னால், சட்டையின் முன்பக்கம் அளவு குறைந்து தோள் முன்னால் இழுபடுகிறது. நீங்களோ தோள் தையலையே பிரித்துப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்!

கூன் போட்டு உட்காருகிற எல்லோருக்கும் தோள் வலிப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உங்களுக்குக் குனிந்த உட்காரலோடு, நாள் முழுக்க மேல் தட்டுக்குக் கை நீட்டும் வேலையும் சேர்ந்திருக்கிறது. அதனால் முதல் வைத்தியம், அந்தத் துணிக்கட்டுகளை ஒரு மாதத்துக்கு இடுப்பு உயரத்துக்கு இறக்கி வைப்பது.

அடுத்தது கடை வாசல். வாசல் நிலைச்சட்டத்தில் முன்னங்கையைப் பதித்து, முழங்கையைத் தோள் உயரத்தில் வைத்து, ஒரு காலை முன்னால் எடுத்துவையுங்கள். இழுப்பு நெஞ்சில் தெரிய வேண்டும். தோளின் முன்பக்கம் வலித்தாலோ விரல் மரத்தாலோ முழங்கையைச் சற்று இறக்கிக்கொள்ளுங்கள். அப்போதும் விடாவிட்டால் நிறுத்திவிடுங்கள். 30 விநாடி, மூன்று முறை, காலையும் மாலையும். நீட்டினால் மட்டும் போதாது. இரண்டு தோள்பட்டைகளையும் பின்னால் சேர்த்து 5 விநாடி பிடித்து விடுவதை 10 முறை செய்யுங்கள். பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும். தூங்கும்போது இடது பக்கம் படுத்து, வலது கைக்கு ஒரு தலையணை கொடுங்கள்.

இன்னொருவர் தூக்கிவிட்டாலும் கை மேலே போகவில்லை என்றால் அது உறைந்த தோளாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு அது அதிகம் வருகிறது. சர்க்கரை பார்த்துக்கொண்டு, பக்கத்திலேயே இருக்கும் ஸ்டான்லி மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறலோடு தோள் வலித்தால் வாய்வு என்று சோடா குடித்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

வட சென்னைக்காரரிடம் கேரமை விடச் சொல்லும் துணிச்சல் எனக்கில்லை. போர்டைக் கொஞ்சம் உயரத்தில் வையுங்கள். எதிராளி அடிக்கும்போதும் குனிந்து காயை எண்ணிக்கொண்டிருக்காமல், நிமிர்ந்து சாய்ந்து உட்காருங்கள்.