குத்துச்சண்டை சாம்பியன் ஜோ கான்ஸ் 1906இல் 42 சுற்று தாக்குப்பிடித்தது எப்படி?

அது முடிவு வரும்வரை நடக்கும் சண்டை; சுற்றுக்கு உச்சவரம்பே இல்லை. செப்டம்பர் 3, நெவாடாவின் கோல்ட்ஃபீல்ட், திறந்தவெளி வெயில். 3 நிமிடச் சுற்று, 1 நிமிட ஓய்வு என்று பார்த்தால் இரண்டே முக்கால் மணி நேரம்.

கான்ஸின் பலம் சிக்கனம். எதிராளி நெல்சன் தலையைக் குனிந்து முட்டிக்கொண்டு வருவார். இவர் அரை அடி விலகி, முழங்கையால் தடுத்து, நேர்க்குத்து ஒன்று விடுவார். வீண் அசைவு கிடையாது. ஆனால் மண்டையில் குத்தினால் கைதான் போகும். பிற்பாதியில் வலது கை அடிபட்டது. 42ஆம் சுற்றில் இடுப்புக்குக் கீழே குத்திய நெல்சன் தகுதியிழந்தார்.

உண்மையான சிக்கல் எடை. உடுப்போடு 133 பவுண்டுக்குள் நிற்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு அடம்பிடித்தது. சாம்பியன் கறுப்பர் என்பதால் அவருக்கு 11,000 டாலர். சவால்விட்டவருக்கு ஏறக்குறைய இரு மடங்கு! கான்ஸ் 1908இல் நெல்சனிடம் இருமுறை தோற்றார். 1910இல் காசநோயால் இறந்தார்.