ஈல் தோல் பர்ஸ் கார்டைக் கெடுக்குமா?

"பரிசாக வந்த பர்ஸில் 'ஈல் லெதர்' என்று அச்சிட்டிருக்கிறது. அது மின்சார விலாங்கின் தோல், உள்ளே வைக்கும் வங்கி கார்டு கெட்டுப்போகும் என்கிறார்கள். உண்மையா? நனைந்தால் என்ன செய்வது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பயப்படாமல் கார்டை வையுங்கள். ஈல் லெதர் என்று விற்பது பெரும்பாலும் விலாங்கின் தோலே அல்ல. ஹேக்ஃபிஷ் என்ற, தாடை இல்லாத மீனின் தோல். கடலடிச் சேற்றில் கிடந்து, செத்து விழும் மீனையும் திமிங்கிலத்தையும் தின்று வாழும் பிராணி அது. அதன் உடம்பில் மின்சாரம் கிடையாது. மின்சார விலாங்குகூட உயிரோடு இருக்கும்வரைதான் ஷாக் அடிக்கும். இந்த வதந்தி 1980களில் அமெரிக்காவில் பரவியது. கார்டைக் கெடுக்கக்கூடியது பர்ஸின் காந்தப் பொத்தான்தான். கார்டின் பின்னால் உள்ள கறுப்புப் பட்டை அதில் உரசாமல் வையுங்கள். சிப்புக்கு ஒன்றும் ஆகாது.

சரி, உங்களுடையது எந்தத் தோல்? ஹேக்ஃபிஷ் ஒல்லியான மீன், நீளம் பெரும்பாலும் அரை மீட்டர்தான். அதனால் குறுகிய பட்டைகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்திருப்பார்கள். பட்டையின் நடுவே ஒரு கோடு ஓடும். செதில் இல்லாத மீன் என்பதால் வழவழப்பாக இருக்கும். சால்மன் தோலென்றால் செதில் உட்கார்ந்திருந்த சின்னப் பைகள் தெரியும். மணிமணியாக இருந்தால் திருக்கை. அந்த மணிகள் நம் பல்லில் இருக்கும் டென்டினால் ஆனவை. தொட்டாலே கெட்டி தெரியும். ஜப்பானில் வாளின் கைப்பிடியில் இந்தத் தோலைப் போர்த்தி, அதன் மேல் நாடா சுற்றினார்கள். சொரசொரப்பு நாடாவை நழுவ விடாது.

நனைந்தால் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, உலர்ந்த துணியால் ஒற்றி, நிழலில் காய விடுங்கள். வெயிலும் ஹேர் டிரையரும் வேண்டாம், தோல் விறைத்துவிடும். அப்புறம் லெதர் கிரீம் கொஞ்சம் தடவலாம், முதலில் ஒரு மூலையில் தடவிப் பார்த்துவிட்டு.

இன்னொன்று வாங்கும் எண்ணம் இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். இந்தத் தோல் தொழில் வளர்ந்தது கொரியாவில். அங்கே மீன் குறைந்ததும் வட அமெரிக்கக் கரைகளில் பிடிக்க ஆரம்பித்தார்கள். ஹேக்ஃபிஷ் ஒரு தடவைக்குச் சில பத்து முட்டைகள்தான் இடும். பிடித்த வேகத்துக்கு ஈடு கொடுக்க அதனால் முடியாது. கையில் இருப்பதையே நெடுநாள் வைத்திருங்கள். தோல் மெல்லியது என்பதால் தையலும் மடிப்பும்தான் முதலில் விடும். நூல் பிரிந்ததுமே தோல் பை தைப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.