சேற்றில் சிக்கிய வண்டியா, செக்கு மாடா?

கேள்வி: கல்லூரியில் மாணவர்களுக்கு ஆலோசகராக இருக்கிறேன். "ஒரே இடத்துல நிக்கிற மாதிரி இருக்கு மேடம்" என்று பலர் சொல்கிறார்கள். வாழ்க்கை ஓடிக்கொண்டே இருக்கும் ஆறு என்று உவமை சொல்லிப் பார்க்கிறேன். தலையாட்டிவிட்டுப் போகிறார்கள், ஒன்றும் மாறுவதில்லை. எங்கே தவறுகிறேன்?
— ஆலோசகர், திருச்சி

பதில்: ஆறு உங்களுடைய உவமை. அந்த மாணவர் சொன்னது 'நிக்கிறேன்' என்ற ஒரே சொல். அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிவதற்கு முன்பே நீங்கள் ஆற்றைக் காட்டிவிட்டீர்கள்.

நிற்பதில் பல விதம் உண்டு. முழங்கால் வரை சேற்றில் புதைந்து நிற்கலாம். முச்சந்தியில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நிற்கலாம். பூட்டிய கதவுக்கு முன்னாலும் நிற்கலாம். செக்கு மாடு மாதிரி நாளெல்லாம் சுற்றுகிறவரும் "ஒரே இடத்துலதான் இருக்கேன்" என்றே சொல்வார். அவரிடம் "நகர முயற்சி பண்ணுங்க" என்றால் இன்னும் வேகமாகச் சுற்றுவார். சேற்றில் நிற்பவரிடம் அதையே சொன்னால், ஆக்சிலரேட்டரை மிதித்த வண்டிச் சக்கரம்போல இன்னும் ஆழமாக இறங்குவார்.

நியூசிலாந்தைச் சேர்ந்த உளச்சிகிச்சையாளர் டேவிட் குரோவ் 1980களில் உருவாக்கிய 'கிளீன் லாங்குவேஜ்' முறை இதற்கு மிகப் பொருத்தமானது. ஆலோசகர் தன் சொல்லைக் கலக்காமல், வந்தவரின் சொல்லை வைத்தே கேட்பதுதான் அதன் அடிப்படை. "நிக்கிறீங்க. அது எந்த மாதிரி நிக்கிறது?" என்று தொடங்குங்கள். "அதைப் பத்தி வேற ஏதாவது இருக்கா?", "அது எங்கே இருக்கு?", "அது எதைப் போல இருக்கு?" என்று தொடருங்கள். படம் தெளிந்த பிறகு, "அதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்ன நடக்குது?", "இப்ப என்ன நடந்தா நல்லா இருக்கும்?" என்று கேளுங்கள். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். அவர் 'நிக்கிறேன்' என்றால் நீங்களும் 'நிக்கிறது' என்றே சொல்ல வேண்டும். 'தேக்கநிலை' என்று மாற்றினால் படம் கலைந்துவிடும். பேசும்போது கை நெஞ்சுக்கோ தரைக்கோ போனால், அந்த இடத்தைப் பற்றியும் கேளுங்கள்.

ஆலோசகர்கள் அதிகம் சறுக்குவது இரண்டு இடங்களில். சேறு என்று கேட்டதுமே "யாராவது கயிறு போட்டு இழுத்தா?" என்று வழி சொல்லிவிடுவது ஒன்று. கயிறு அவர் படத்திலேயே இல்லாமல் இருக்கலாம். படம் அழகாக விரிந்ததில் மகிழ்ந்து, நேரம் முடிந்து அனுப்பிவிடுவது மற்றொன்று. இதுதான் பெரிய தவறு, ஏனென்றால் படம் மட்டும் யாரையும் நகர்த்தாது. 45 நிமிட அமர்வு என்றால் கடைசிப் பத்து நிமிடத்தை ஒதுக்கி வையுங்கள். "ஒரு பலகை போட்டா கால் வைக்கலாம்" என்கிறாரா? அந்தப் பலகை நிஜத்தில் எது என்று கேளுங்கள். ஐந்து அரியரில் ஒன்று மட்டும், செவ்வாய் மாலை 6 மணி, 20 நிமிடம், பழைய வினாத்தாள் ஒன்று. இந்த அளவுக்குச் சிறியதாக வர வேண்டும். "இனிமே ஒழுங்கா படிப்பேன்" என்பது பலகை இல்லை.

சிலருக்குப் படமே வராது. வற்புறுத்தாதீர்கள். முழுக்க நின்றுபோனது 0, தடையில்லாமல் நடப்பது 10 என்று வைத்து, இப்போது எங்கே என்று கேளுங்கள். 3 என்றால், "ஏன் 2 இல்லை?" என்பதே அடுத்த கேள்வி. எது இன்னும் தாங்கிப் பிடிக்கிறது என்று அதில் தெரிந்துவிடும்.

கேள்வி: வேலையை விட்டுச் சொந்தத் தொழில் தொடங்குவதா என்று இரண்டு வருடமாக ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். இதை நானே செய்து பார்க்க முடியுமா?
— வாசகர், கோவை

பதில்: முடியும். படத்தை நீங்களே கொண்டுவந்துவிட்டீர்கள். எந்தக் காலை எடுப்பது என்று யோசிக்கும் முன், எந்தக் காலில் எடை இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு தாள்களில் 'வேலை', 'தொழில்' என்று எழுதித் தரையில் மூன்றடி இடைவெளியில் வையுங்கள். ஒவ்வொன்றின் மேலும் இரண்டு நிமிடம் நின்று, மூச்சும் தோளும் வயிறும் எப்படி இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தள்ளி நின்று இரண்டையும் பாருங்கள். "தொழில்ல நிக்கும்போது சம்பளத் தேதி ஞாபகம் வருது" என்பதுபோல ஏதாவது வரும். அதுதான் வேலை செய்ய வேண்டிய இடம்: எத்தனை மாதச் செலவுக்குச் சேமிப்பு இருந்தால் அந்தக் கால் எடை தாங்கும் என்று கணக்குப் போடுங்கள். அன்றைக்கே முடிவெடுக்க வேண்டாம்.

பயம் போன பிறகு தொடங்கலாம் என்று காத்திருந்தால் இந்த இரண்டு வருடம் நாலாகும். ஏ.சி.டி. (Acceptance and Commitment Therapy) என்ற உளச்சிகிச்சை முறையில் மனதைப் பேருந்தாகச் சொல்வார்கள். பின்னால் உட்கார்ந்து கத்தும் பயணிகளை இறக்கிவிட்டுத்தான் கிளம்புவேன் என்று ஓட்டுநர் வண்டியை நிறுத்தினால், பேருந்து அங்கேயே நிற்கும். அவர்கள் கத்தட்டும், ஸ்டியரிங் ஓட்டுநர் கையில்தான் இருக்கிறது.

கேள்வி: அப்பா இறந்து எட்டு மாதம். "எல்லாம் நின்னு போச்சு" என்கிறார் அம்மா. "அதிலிருந்து வெளியே வாங்கம்மா" என்றால் கோபப்படுகிறார். சமீபமாக "நானும் போயிடணும்" என்கிறார்.
— மகள், மதுரை

பதில்: 'வெளியே வா' என்பது அவர் காதில் 'அப்பாவை விட்டுவிட்டு வா' என்று விழுகிறது. "எது நின்னு போச்சும்மா?" என்று அவர் சொல்லையே திருப்பிக் கேளுங்கள். இருவரும் சாயங்காலம் சேர்ந்து காய் வாங்கப் போனது நின்றிருந்தால், அதே தெருவில் பதினைந்து நிமிடம் அவருடன் நடங்கள். எதிரில் உட்கார்ந்து பேசுவதைவிடப் பக்கத்தில் நடந்துகொண்டு பேசுவது பலருக்கு எளிது.

ஆனால் 'போயிடணும்', 'போய்ச் சேரணும்' என்பதை உவமையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் மொழியில் அது சாவைக் குறிக்கும் சொல். இன்றைக்கே நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதாம்மா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் வீட்டிலிருந்து அகற்றி, மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் இரவிலும் தமிழில் இலவசமாகப் பேசலாம். இல்லை என்றாலும், சாப்பாடும் தூக்கமும் குறைந்து, நடையும் பேச்சும் இரண்டு வாரத்துக்கு மேல் மந்தமாகவே இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு குறைந்தாலும் இப்படி ஆகும், ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள்.