முதலில் அத்தைக்கு ஒரு கட்டில்

கேள்வி: எங்கள் பத்தாவது திருமண நாளுக்கு அடுத்த மாதம் சிங்கப்பூர் போகிறோம், நான்கு இரவுகள். நான், கணவர், ஆறு வயது மகன், மாமியார் (67). மரீனா பே சாண்ட்ஸில் தங்குவதா, ஃபுல்லர்ட்டன் ஹோட்டலில் தங்குவதா என்று இரண்டு வாரமாக முடிவெடுக்க முடியவில்லை. கணவருக்கு மொட்டைமாடி நீச்சல் குளம் வேண்டும். எனக்குப் பழைய கட்டடங்கள் பிடிக்கும். செலவை நினைத்து ஒரே அறைதான் போடுகிறோம், அத்தைக்கு எக்ஸ்ட்ரா பெட் கேட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். போன வருடம் அவருக்கு ஒரு முழங்காலில் ஆபரேஷன் ஆனது. ஆனால் அவர் எதுவும் கேட்கமாட்டார், எங்கே படுக்கச் சொன்னாலும் படுத்துக்கொள்வார். சாயங்காலங்களில் மகனைப் பார்த்துக்கொள்வார் என்பதால் நாங்களும் வெளியே போய்வரலாம். திருச்சியிலிருந்து இரவு விமானம். எந்த ஹோட்டல் நல்லது?

– பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: இரண்டுமே நல்ல ஹோட்டல்கள்தான். அதில் உங்களுக்கே சந்தேகம் இல்லை. உங்கள் கடிதத்தில் கவனிக்க வேண்டிய வரி வேறு: ‘எங்கே படுக்கச் சொன்னாலும் படுத்துக்கொள்வார்.’ இந்த வரி இல்லாத குடும்பச் சுற்றுலாக் கடிதமே அபூர்வம். வாய் திறந்து கேட்காதவருக்கு எதுவும் தேவையில்லை என்று வீடே சேர்ந்து முடிவு செய்துவிடுகிறது. அறுபத்தேழு வயதில், ஆபரேஷன் ஆன காலோடு, பிள்ளை அழைத்தான் என்று கடல் தாண்டி வருகிறார். அவருக்கு எங்கே கட்டில் என்பதை முடிவு செய்துவிட்டு, நீச்சல் குளத்தைப் பற்றி அப்புறம் பேசுங்கள்.

எக்ஸ்ட்ரா பெட் என்றால் பெரும்பாலும் சக்கரம் வைத்த மடக்குக் கட்டில்தான். பணியாளர் தள்ளிக்கொண்டு வந்து, உங்கள் கட்டிலுக்கும் டிவிக்கும் நடுவே கிடக்கும் சந்தில் விரித்துவிட்டுப் போவார். மெத்தை மெலிது, அகலம் குறைவு, உயரமும் சாதாரணக் கட்டிலைவிடக் குறைவாகத்தான் இருக்கும். உட்காரும் இடம் தாழ்வாக இருந்தால் எழும்போது பாரம் முழுவதும் முழங்காலில்தான் இறங்கும். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தால், தெரியாத அறையில், இருட்டில், உங்கள் பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். உங்கள் தூக்கம் கெடுமே என்று விளக்குகூடப் போடமாட்டார். புடவை மாற்றுவதற்கும் பாத்ரூம் காலியாகும்வரை காத்திருக்க வேண்டும். நான்கு நாள் இப்படி இருக்கச் சொல்லிவிட்டு, அம்மாவையும் சிங்கப்பூர் கூட்டிப்போனோம் என்று ஊரில் சொல்லிக்கொள்வீர்கள்.

அடுத்தது சாயங்காலம். பகலெல்லாம் உங்களோடு நடந்து களைத்தவர், ராத்திரி ஆறு வயதுப் பையனுக்குச் சாப்பாடு கொடுத்து, தூங்கவைத்து, நீங்கள் வரும்வரை விழித்திருக்க வேண்டும். நான்கு நாளும் அப்படித்தான் என்றால் அவர் உங்களோடு சுற்றுலா வரவில்லை, சம்பளமில்லாமல் வேலைக்கு வருகிறார். நான்கில் ஒரு இரவு, திருமண நாளன்று, அவரிடம் முன்கூட்டியே கேட்டு, அவர் மனதார ஒப்புக்கொண்டால் மட்டும் நீங்கள் இருவரும் வெளியே போங்கள். இன்னொரு இரவும் வேண்டுமென்றால் ஹோட்டல் மூலமாகவே குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்யலாம். மணிக்கணக்கில் காசு, ஒருநாள் முன்பாவது சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அவர் உங்கள் கணவரின் தாய். அம்மாவுக்கு எந்தக் கட்டில் தோதாக இருக்கும் என்று விசாரித்து இந்தக் கடிதத்தை எழுதியிருக்க வேண்டியவர் உங்கள் கணவர். குளத்தைப் பற்றி யோசித்தவருக்கு அம்மாவின் முழங்கால் எப்படி மறந்தது? அதை உங்கள் தலையில் கட்டிவிட்டு ஒதுங்குவது பிள்ளைக்கு அழகில்லை.

இனி ஹோட்டலுக்கு வருவோம். மரீனா பே சாண்ட்ஸ் 2010-ல் திறந்தது. 55 மாடியில் மூன்று கோபுரங்கள், அவற்றின் தலையில் 57-வது தளத்தில் ஏறக்குறைய 150 மீட்டர் நீளக் குளம். தங்குபவர்களுக்கு மட்டும்தான் அனுமதி, அறை அட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். கணவரின் ஆசை புரிகிறது. இந்த ஹோட்டலுக்கு நான் முழு மனதோடு கொடுக்கும் மதிப்பெண் அதன் அடியில் இருக்கும் பேஃபிரண்ட் எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்துக்கு. டவுன்டவுன் தடத்தில் ஒரு பக்கம் நான்காவது நிறுத்தம் லிட்டில் இந்தியா, மறுபக்கம் மூன்றாவது நிறுத்தம் சைனாடவுன். வண்டி மாறவே வேண்டாம். சைனாடவுனில் இறங்கினால் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோவில் பக்கத்தில்தான். ஆனால் ஹோட்டல் ஒரு சிற்றூர் அளவுக்குப் பெரிது. அறையிலிருந்து லிஃப்ட், லிஃப்டிலிருந்து லாபி, அங்கிருந்து கடைத்தொகுதி, அதைக் கடந்து ரயில் என்று ஒவ்வொரு முறையும் நல்ல நடை. லாபியில் எந்நேரமும் கூட்டம். வாடகையும் பெரும்பாலான நாட்களில் ஃபுல்லர்ட்டனைவிட நன்றாகவே அதிகம்.

ஃபுல்லர்ட்டன் 1928-ல் திறந்த கட்டடம். தலைமைத் தபால் நிலையம் அங்கேதான் இருந்தது, 2001-ல் ஹோட்டலானது. அறைகள் 400 மட்டும் என்பதால் வாசலிலிருந்து அறைக்குப் போவது எளிது. பக்கத்திலேயே கேவனா பாலம், வண்டிகள் போகாது, நடப்பவர்களுக்கு மட்டும். உங்கள் அத்தை காலையில் தன் வேகத்தில் ஆற்றைப் பார்த்தபடி நடந்துவிட்டு வரலாம். மெர்லயன் சிலைக்கும் சாலையைக் கடந்தால் போதும். லிட்டில் இந்தியாவுக்கு மட்டும் ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையம்வரை நடந்து, தோபி காட்டில் வண்டி மாற வேண்டும். அவரோடு போகும்போது டாக்சி எடுத்துவிடுங்கள்.

ஃபுல்லர்ட்டனில் ஒரு இடத்தில் ஏமாறாதீர்கள். விலை குறைந்த ‘கோர்ட்யார்ட்’ அறைகளின் ஜன்னல்கள் கட்டடத்துக்கு உள்ளே இருக்கும் கூடத்தைப் பார்த்திருப்பவை. ஆறும் தெரியாது, கடலும் தெரியாது. வெளியே சுற்றுபவர்களுக்குப் பரவாயில்லை. கால் வலி வந்து பிற்பகல் முழுக்க அறையில் இருக்கப்போகிறவருக்கு ஜன்னல்தான் சிங்கப்பூர். அவருடைய அறை ஆற்றுப் பக்கம் பார்த்ததாக இருக்கட்டும். உள்பக்க அறை வேண்டுமென்றால் அதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் முடிவு: ஃபுல்லர்ட்டன், இரண்டு அறைகள். சாண்ட்ஸில் இரண்டு அறை போட வசதி இருந்தால் தாராளமாக அங்கே போங்கள், ரயில் வசதி அதன் பக்கம். சாண்ட்ஸில் ஒரே அறை என்பது மட்டும் கூடாது. மூன்று பெரியவர்களும் ஒரு குழந்தையும் சாதாரண அறையில் தங்க பல ஹோட்டல்கள் விடுவதும் இல்லை. கவுன்ட்டரில் போய் நின்ற பிறகு இன்னொரு அறை எடுக்கச் சொன்னால் அன்றைய விலையைத்தான் கொடுக்க வேண்டிவரும். எக்ஸ்ட்ரா பெட் கட்டணம், மூன்றாவது ஆளின் காலை உணவு இரண்டையும் கூட்டிப் பார்த்தால், காலை உணவோடு சேர்ந்த இரண்டாவது அறைக்கான வித்தியாசம் நீங்கள் பயப்படும் அளவுக்கு இருக்காது. அப்படியும் இடித்தால் நான்கு இரவை மூன்றாக்குங்கள். கடைசி இரவு மட்டும் குளத்துக்காகச் சாண்ட்ஸுக்கு மாறலாமா என்று கணவர் கேட்பார். பதினொரு, பன்னிரண்டு மணிக்கு ஒரு அறையைக் காலி செய்து, மூன்று மணிக்கு இன்னொன்று கிடைக்கும்வரை பெட்டியோடு அம்மாவைச் சுற்றவிட வேண்டாம். மேலிருந்து ஊரைப் பார்க்க, குளம் தவிர்த்த பார்வைத் தளத்துக்கு வெளியாட்களுக்கும் டிக்கெட் உண்டு. அது போதும்.

விலை பார்க்கும்போது ‘++’ குறியைக் கவனியுங்கள். 10% சேவைக் கட்டணம், அதைச் சேர்த்த தொகையின்மேல் 9% ஜிஎஸ்டி. 500 டாலர் என்று காட்டும் அறை கடைசியில் 599.50 ஆகும். செக்-இன் சமயத்தில் முன்பணமாக ஒரு தொகையை அட்டையில் பிடித்து வைப்பார்கள். கிரெடிட் கார்டு கொடுங்கள். டெபிட் கார்டு கொடுத்தால் அந்தப் பணம் கணக்குக்குத் திரும்ப நாளாகும், ஊர் சுற்றக் கையில் காசு இருக்காது.

இரவு விமானம் என்கிறீர்கள். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். நள்ளிரவில் கிளம்பினால் காலை ஏழு மணி வாக்கில் இறங்குவீர்கள், அறை கிடைப்பது மூன்று மணிக்கு. எட்டு மணி நேரம், வீங்கிய காலோடு அத்தை லாபி சோபாவிலா? பகல் விமானம் கிடைத்தால் அதற்கு மாறுங்கள். இல்லையென்றால் அவருடைய அறையை மட்டும் முந்தைய இரவிலிருந்தே பதிவு செய்யுங்கள். ‘மறுநாள் காலை ஏழுக்கு வருகிறோம், வரவில்லை என்று ரத்து செய்யாதீர்கள்’ என்று எழுதி அனுப்பாவிட்டால் இரவிலேயே அந்த அறையை விடுவித்துவிடும் ஆபத்து உண்டு.

முன்பதிவுத் தளத்தில் ‘கனெக்டிங் ரூம்’ என்று டிக் அடிப்பது வெறும் வேண்டுகோள்தான். வருகிற நாள் காலையில்தான் அறை ஒதுக்குவார்கள், முந்தையவர் தங்கலை நீட்டித்தால் உங்களுக்கு வேறு தளம் கிடைக்கும். அதனால் ஹோட்டலுக்கே நேராக மின்னஞ்சல் அனுப்புங்கள். உள்கதவால் இணைந்த இரண்டு அறைகள் உறுதியாகக் கிடைக்குமா, ஒன்றில் தனித்தனிக் கட்டில்கள் உண்டா, குளிக்கத் தொட்டிக்குள் ஏறி இறங்காமல் தரைமட்ட ஷவர் உண்டா, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி உண்டா என்று கேளுங்கள். கனெக்டிங் என்று சொல்லுங்கள், பக்கத்து அறை என்றால் நடுவில் கதவு இருக்காது. அத்தைக்குத் தனி அறை அட்டை, அவருடைய போனில் ரோமிங் இரண்டும் வேண்டும். எம்ஆர்டியில் தமிழ் அறிவிப்பு உண்டு, செராங்கூன் ரோட்டில் வீரமாகாளியம்மன் கோவில் இருக்கிறது, காலையில் போகட்டும், மதியம் நடை சாத்திவிடுவார்கள். அவர் தூக்க மாத்திரையோ கோடீன் கலந்த இருமல் மருந்தோ எடுப்பவர் என்றால் சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி தேவையா என்று முன்கூட்டியே பார்த்து, தேவையென்றால் வாங்கிவிடுங்கள், மருத்துவர் சீட்டும் கையில் இருக்கட்டும். ஹோட்டலின் பதில் எழுத்தில் வந்த பிறகு பணம் கட்டுங்கள். அந்த மின்னஞ்சலை உங்கள் கணவர் எழுதட்டும்.