வார்டு கேள்விகள்: மருந்துக் குப்பியும் ரத்தக் குழாயும்

கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர் வட்டாரச் செவிலியர்கள் அனுப்பிய கேள்விகளில் இந்த மாதம் பெரும்பாலானவை மருந்து அளவும் லேப் சாம்பிளும் பற்றியவை. இரண்டையும் சேர்த்தே பதில் தருகிறோம். டாக்டர் எந்த எண்ணைப் பார்த்து மருந்து எழுதுகிறாரோ, அந்த எண் நாம் ரத்தம் எடுத்த விதத்தைப் பொறுத்தது.

கேள்வி: பொட்டாசியம் 6.8னு ரிப்போர்ட் வருது. மறுபடி எடுத்தா 4.2. லேப்ல கேட்டா "சாம்பிள் சரியில்லீங்க சிஸ்டர்"ங்கறாங்க. எங்கே தப்பு நடக்குது?
– செவிலியர், சத்தியமங்கலம்

பதில்: ரத்தத்தில் உள்ள பொட்டாசியத்தில் பெரும்பகுதி அணுக்களுக்குள்தான் இருக்கிறது. அணு உடைந்தால் அது சீரத்தில் (அணு நீங்கிய ரத்த நீரில்) கலந்து எண்ணை ஏற்றிவிடும். அணு உடைவது பெரும்பாலும் நம் கையில்தான். 24 கேஜ் கேனுலாவிலிருந்து ரத்தத்தை உறிஞ்சுவது, சிரிஞ்சின் பிஸ்டனை வேகமாக இழுப்பது, எடுத்த ரத்தத்தை ஊசி வழியாகவே டியூபுக்குள் அழுத்தித் தள்ளுவது, டியூபைக் குலுக்குவது ஆகியவை முக்கியக் காரணங்கள். பெரியவர்களுக்கு 21 கேஜ் ஊசி போதும். நரம்பு மெலிந்திருந்தால் 23. மூடி திறக்கும் டியூபாக இருந்தால் ஊசியைக் கழற்றி, ரத்தத்தை டியூபின் சுவரோரமாக மெல்ல வழிய விடுங்கள். வேக்குவம் டியூபாக இருந்தால் அதுவே இழுத்துக்கொள்ளட்டும், பிஸ்டனை அழுத்தாதீர்கள்.

கையில் இறுக்கிக் கட்டும் டூர்னிக்கெட் ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நரம்பு தெரியட்டும் என்று நோயாளியிடம் கையை மூடி மூடித் திறக்கச் சொல்வதும் பொட்டாசியத்தை ஏற்றும்.

மூடி நிறப்படி டியூப் வரிசையும் முக்கியம். முதலில் பிளட் கல்ச்சர், பிறகு நீலம், சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல். ஊதா டியூபில் இருப்பது ரத்தம் உறையாமல் தடுக்கும், பொட்டாசியம் சேர்ந்த ஈ.டி.டி.ஏ. உப்பு. ஊதாவில் நிறைய விட்டுவிட்டு, சிவப்பு குறைகிறதே என்று அதிலிருந்து கொஞ்சம் ஊற்றினால் பொட்டாசியம் எகிறும், கால்சியம் சரியும். இந்த இரண்டும் ஒரே ரிப்போர்ட்டில் வந்தால் முதலில் டியூபைச் சந்தேகியுங்கள்.

உங்கள் ஊரிலிருந்து சாம்பிள் கோவைக்குப் போகிறது என்றால் இன்னொன்றையும் பாருங்கள். பிரிக்காத ரத்தத்தை ஃபிரிட்ஜிலோ ஐஸ் பெட்டியிலோ வைத்தால், அணு உடையாமலே பொட்டாசியம் வெளியே கசியும். குளிரில் அணுவின் உப்புப் பம்பு வேலை செய்யாததுதான் காரணம். சென்ட்ரிஃப்யூஜ் இருந்தால் 2 மணி நேரத்துக்குள் சீரம் பிரித்து, சீரத்தை மட்டும் அனுப்புங்கள்.

சாம்பிள் கெட்டிருக்கிறது என்பதால் பொட்டாசியம் நார்மல் என்று ஆகிவிடாது. கிட்னி பாதித்தவர், டயாலிசிஸ் தவறியவர் என்றால் உடனே டாக்டருக்குச் சொல்லி இ.சி.ஜி. எடுங்கள். மறு சாம்பிளை அதற்குள் அனுப்பிவிடலாம்.

கேள்வி: இன்சுலின் சிரிஞ்சு சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி ரெண்டும் வார்டுல இருக்குது. யூனிட் கோடு பார்த்து எடுத்தா எதுல எடுத்தா என்னங்க?
– பயிற்சிச் செவிலியர், திருப்பூர்

பதில்: அதைத்தான் செய்யக் கூடாது. நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் இன்சுலின் குப்பி ஒரு மி.லி.க்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. பென் கார்ட்ரிட்ஜும் கிளார்ஜின் போன்ற சில குப்பிகளும் ஒரு மி.லி.க்கு 100 யூனிட், அதற்கு ஆரஞ்சு. 100 யூனிட் குப்பியைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் உள்ளே வருவது அரை மி.லி., அதாவது 50 யூனிட். நோயாளி சர்க்கரை இறங்கி மயங்குவார். மாற்றி, 40 யூனிட் குப்பியை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் எடுத்தால் 20க்குப் பதில் 8 யூனிட்தான் போகும். சர்க்கரை இறங்கவில்லையே என்று டாக்டர் டோஸை ஏற்றுவார், அடுத்த ஷிஃப்டில் யாரோ சரியான சிரிஞ்சில் எடுப்பார்கள். ஆபத்து அங்கேதான் காத்திருக்கிறது.

மூடி நிறத்தை மட்டும் நம்பாமல், குப்பியிலும் சிரிஞ்சிலும் அச்சிட்ட எண்ணைச் சேர்த்து வைத்துப் படியுங்கள். பென் கார்ட்ரிட்ஜில் சிரிஞ்சு குத்தி எடுக்காதீர்கள். கேஸ் ஷீட்டில் "யூனிட்" என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்தாக எழுதினால் அது பூஜ்யம் போலத் தெரிந்து 10 என்பது 100 ஆகிவிடும்.

கேள்வி: பாம்புக்கடி கேஸுக்கு 20 நிமிட ரத்தம் உறையும் டெஸ்ட் பண்றோம். ஒருத்தருக்கு உறையவே இல்லை, ஆனா கடிச்சது விஷமில்லாத பாம்புன்னு அப்புறம் தெரிஞ்சுது. டெஸ்டை நம்பலாமா?
– செவிலியர், அந்தியூர்

பதில்: நம்பலாம், கண்ணாடி டியூப் சரியாக இருந்தால். சோப்புப் பவுடர் போட்டுக் கழுவிய டியூபாக இருந்திருக்கலாம் என்பது எங்கள் யூகம். ரத்தம் உறையத் தொடங்குவதற்குக் கண்ணாடிப் பரப்பு தூண்டுதல் தருகிறது. சோப்புப் படலமோ ஈரமோ இருந்தால் அந்தத் தூண்டுதல் கெடும். பிளாஸ்டிக் டியூபிலும் இதே கதைதான். புதிய, காய்ந்த கண்ணாடி டியூப்களைப் பாம்புக்கடி டிரேயில் தனியாக வையுங்கள்.

2 மி.லி. ரத்தம் விட்டு, நேரம் குறித்து, 20 நிமிடம் தொடாமல் வையுங்கள். நடுவில் சாய்த்துப் பார்ப்பது பலருடைய பழக்கம், அது உருவாகும் கட்டியை உடைக்கும். 20 நிமிடம் ஆனதும் ஒரே ஒரு தடவை சாய்த்துப் பாருங்கள். ரத்தம் ஓடினால் உறையவில்லை என்று பொருள். சந்தேகம் இருந்தால் கடிபடாத ஒருவரின் ரத்தத்தை அதே வகை டியூபில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடிக்குத்தான் இந்த டெஸ்ட் காட்டிக்கொடுக்கும். நல்ல பாம்பும் கட்டுவிரியனும் நரம்பு மண்டலத்தைத் தாக்குபவை. ரத்தம் அழகாக உறைந்திருக்கும், ஆனால் இமை சரிந்துகொண்டிருக்கும். மஞ்சள் காட்டிலும் கரும்புக் காட்டிலும் இரவுத் தண்ணீர் பாய்ச்சப் போய்க் கடிபட்டு வருபவரிடம் டியூபோடு இமையையும், விழுங்குவதையும், மூச்சையும் பாருங்கள். முதல் டெஸ்ட் உறைந்தது என்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது. 24 மணி நேரம் கண்காணிப்பில் வைத்து டெஸ்டைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

விஷமுறி மருந்து போட்ட பிறகு அடுத்த டெஸ்ட் 6 மணி நேரம் கழித்து. உறைவுக்கான புரதங்களைக் கல்லீரல் மறுபடி செய்ய அவ்வளவு நேரம் ஆகும். பொடிக் குப்பியில் தண்ணீர் விட்டதும் குலுக்காமல் உருட்டிக் கரையுங்கள், நுரைத்தால் மருந்து வீணாகும். குழந்தைக்கும் பெரியவருக்கு உள்ள அதே அளவு விஷமுறிதான், ஏனென்றால் பாம்பு செலுத்தும் விஷம் ஆளைப் பார்த்துக் குறைவதில்லை. டிரிப் தொடங்கும் முன்பே அட்ரினலின் எடுத்துத் தயாராக இருக்கட்டும். அலர்ஜி வந்தால் பெரியவருக்கு 0.5 மி.கி., தொடைத் தசையில்.

கேள்வி: ஹெப்பாரின் 5000 யூனிட்னு ஆர்டர். குப்பியில 5000னு போட்டிருக்குது. முழுசா எடுத்துரலாமுங்களா?
– செவிலியர், பொள்ளாச்சி

பதில்: நில்லுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் இந்த மருந்தின் 5 மி.லி. குப்பி இரண்டு வகையில் வருகிறது. ஒன்றில் ஒரு மி.லி.க்கு 1000 யூனிட், முழுக் குப்பியும் 5000. மற்றதில் ஒரு மி.லி.க்கே 5000, முழுக் குப்பி 25,000. ஆர்டருக்கு முதலாவதில் 5 மி.லி., இரண்டாவதில் 1 மி.லி. மட்டும். இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டு விடை ஒத்தால் மட்டும் கொடுங்கள்.

கேள்வி: 500 மி.லி. சலைனில் பொட்டாசியம் குளோரைடு ஒரு ஆம்பூல் சேர்க்கச் சொல்றாங்க. டிரிப் எவ்வளவு வேகம்?
– செவிலியர், பெருந்துறை

பதில்: 15 சதவீத ஆம்பூல் 10 மி.லி.யில் 20 மில்லி ஈக்விவலன்ட் (உப்பை அளக்கும் அலகு) பொட்டாசியம் இருக்கும். சாதாரண வார்டில், கை நரம்பில், மணிக்கு 10க்கு மேல் போகக் கூடாது. ஆகவே அந்தப் பாட்டில் குறைந்தது 2 மணி நேரம் ஓட வேண்டும். 4 மணி நேரம் ஓட்டச் சொன்னால் மணிக்கு 125 மி.லி., ஒரு மி.லி.க்கு 20 துளி விழும் செட்டில் நிமிடத்துக்குச் சுமார் 42 துளி. உங்கள் செட் எத்தனை துளி என்பதை உறையில் பாருங்கள்.

தொங்கும் பாட்டிலில் குத்தாதீர்கள். கனமான பொட்டாசியக் கரைசல் கீழே வாயருகே தேங்கி, முதல் சில நிமிடங்களில் மொத்தமாக இறங்கிவிடும். ஸ்டாண்டிலிருந்து எடுத்து, மருந்தைச் சேர்த்து, பத்து முறையாவது தலைகீழாகக் கவிழ்த்துக் கலந்து, லேபிள் ஒட்டி, பிறகு மாட்டுங்கள். சிறுநீர் போகிறதா என்பதை அதற்கு முன் கேளுங்கள். டிஸ்டில்டு வாட்டர் ஆம்பூல் பக்கத்தில் பொட்டாசிய ஆம்பூலை வைக்கவே வேண்டாம். மாறிப்போய் அதை நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும்.

கேள்வி: சுகர் சாம்பிள் பஸ்ல கரூர் போய்ச் சேர மதியமாகுது. குறைவாவே வருது.
– செவிலியர், அரவக்குறிச்சி

பதில்: பிரிக்காத ரத்தத்தில் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் குறையும், வெயிலில் இன்னும் வேகமாக. அணுக்கள் சர்க்கரையைத் தின்பதைத் தடுக்கும் ஃபுளோரைடு உள்ள சாம்பல் டியூபில் எடுத்து 8 முதல் 10 முறை கவிழ்த்துக் கலக்குங்கள். அதுவும் முழுமையாக வேலை செய்ய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும் என்பதால், அங்கேயே பிளாஸ்மா பிரித்து அனுப்புவதே சிறந்தது.

கேள்வி: தொடர்கல்வி வகுப்புன்னு மாசம் ஒருக்கா ஸ்லைடு படிக்கிறாங்க. வார்டுல ஒண்ணும் மாறலைங்க. எப்படி நடத்தோணும்?
– செவிலியர் கண்காணிப்பாளர், ஈரோடு

பதில்: லேப் டெக்னீஷியனிடம் போய்ப் போன மாதம் திருப்பி அனுப்பிய சாம்பிள்களின் பதிவேட்டைக் கேளுங்கள். அணு உடைந்தது, நீல டியூப் நிரம்பவில்லை, பெயர் இல்லை என்று காரணம் இருக்கும். அதிகம் வந்த ஒன்றை மட்டும் எடுத்து அரை மணி நேரம் நடத்துங்கள். நீல டியூப் என்றால், 2.7 மி.லி. ரத்தத்துக்கு 0.3 மி.லி. சிட்ரேட் (உறையாமல் தடுக்கும் கரைசல்) என்ற 9:1 கணக்கு ஏன் என்று சொல்லுங்கள். அரை டியூப் ரத்தத்தில் சிட்ரேட் மிஞ்சிப் போய், ரத்தம் உறையும் பி.டி. நேரம் பொய்யாக நீண்டு, ரத்தம் உறைவதைக் குறைக்கும் அசிட்ரோம் மாத்திரையைத் தேவையில்லாமல் குறைக்க வைக்கும் என்று காட்டுங்கள்.

மருந்து வகுப்பு என்றால் காலிக் குப்பி, இரண்டு வகைச் சிரிஞ்சு, சாயத் தண்ணீர் போதும். ஒவ்வொருவரும் கையால் எடுத்துக் காட்ட வேண்டும். நைட் டியூட்டிக்காரர்களுக்காக அதையே ஷிஃப்ட் மாறும் நேரத்தில் இன்னொரு முறை வையுங்கள், அவர்களை விட்டுவிட்டுத்தான் பல இடங்களில் வகுப்பு முடிகிறது. அடுத்த மாதம் அதே பதிவேட்டில் அந்தக் காரணம் குறைந்ததா என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: மருந்தால அலர்ஜி வந்தா நாங்க புகார் அனுப்பலாமா, டாக்டர்தான் அனுப்போணுமா?
– செவிலியர், தாராபுரம்

பதில்: நீங்களே அனுப்பலாம். தேசிய மருந்து விளைவுக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண் 1800-180-3024. மருந்தின் பெயர், பேட்ச் எண், கொடுத்த நேரம், விளைவு தொடங்கிய நேரம், கூடவே போன மற்ற மருந்துகள் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள். காலிக் குப்பியைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம்.