கேள்வி – பதில்: லோன் சேனியின் முகமும் நமது ஒப்பனைப் பெட்டியும்

நாடகமும் அரங்கியலும் பாடத்துக்கு ஊமைப்பட நடிகர் லோன் சேனியைப் பற்றி ஒப்படை எழுதுகிறேன். எல்லோரும் அவருடைய ஒப்பனையைத்தான் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். நடிப்பை எங்கே கற்றார்?
— உயர்தர மாணவி, ஆரையம்பதி

வீட்டில்தான், பிள்ளை. 1883 ஏப்ரல் 1 இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் பிறந்தவர். தாய், தகப்பன் இரண்டு பேருக்கும் காது கேளாது. தாய் நோயில் விழுந்து படுக்கையானபோது, அன்றன்று வெளியில் கண்டதையெல்லாம் கையாலும் முகத்தாலும் அவருக்கு நடித்துக் காட்டினான் பையன். 1902 இல் மேடையேறி, ஊர் ஊராகப் போகும் இசை நாடகக் குழுக்களில் ஆடினார், நடித்தார். 1913 இல், பாடகியான அவர் மனைவி நாடக அரங்கிலேயே நஞ்சு குடித்தார். உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. அந்தச் செய்தி பரவிய பிறகு சேனிக்கு மேடையில் இடமில்லை. வயிற்றுப்பாட்டுக்காகப் படத்துக்குப் போனார்.

பல ஆண்டுகள் சில்லறை வேடங்கள். 1919 இல் வந்த ‘மிராக்கிள் மேன்’ படத்தில் முடவனாக நடித்து ஊரை ஏமாற்றுபவனாக வந்துதான் பெயர் எடுத்தார். 1923 இல் ‘நோத்ர டாம் கூனன்’ படத்தில் கூனனாகவும், 1925 இல் ‘ஒப்பராவின் பேய்’ படத்தில் பேயாகவும் நடித்தார். 1930 இல் நடித்த ஒரே பேசும் படத்தில் ஐந்து குரல்களில் பேசினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 26 இல் புற்றுநோயால் இறந்தபோது வயது 47.

ஒப்படையில் அழுத்தமாக எழுத வேண்டியது அவருடைய உடல்மொழியை. நமது நாட்டுக்கூத்து வகையான வடமோடியில் அரசனின் வரவை நினைத்துப் பாருங்கள். தாளக்கட்டுக்கு அவன் ஆடும் ஆட்டத்திலேயே, வட்டக்களரி என்ற வட்டமான ஆடுகளத்தைச் சுற்றி இருக்கிற அத்தனை பேருக்கும் வந்திருப்பவன் யாரென்று விளங்கிவிடும். சேனியின் கூனனும் அப்படித்தான். கசையடி பட்டுக் கிடப்பவனுக்குக் கதாநாயகி எஸ்மரால்டா தண்ணீர் கொடுக்கும் காட்சியைச் சத்தத்தை நிறுத்திவிட்டு இரண்டு தரம் பாருங்கள். இரண்டாம் தரம் தோளை மட்டும் பாருங்கள்.

பழைய ஊமைப்படங்களில் ஆண்களுக்கும் உதடு கறுப்பாகத் தெரிகிறதே, ஏன்?
— களுதாவளை வாசகர்

அந்தக் காலப் படச்சுருளுக்குச் சிவப்பு நிறம் தெரியாது. நீலத்தை வெளிறலாகவும் சிவப்பைக் கறுப்பாகவும் பதிவு செய்யும். அதனால் சாதாரண உதட்டுச் சிவப்பே கரி பூசியது போல விழும். சிவந்த தோலும் அழுக்காகத் தெரியும். அதை மறைக்க முகம் முழுக்க மஞ்சள் சாயலான வெளிர்ப்பூச்சு பூசினார்கள். எல்லா நிறத்தையும் பதியும் சுருள் 1920களின் நடுவிலிருந்து பரவலானபோது ஒப்பனை முறையே மாறியது.

வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். பரிசுப் பொருள் சுற்றும் நீலக் கண்ணாடித்தாளை இரண்டாக மடித்து, போன் கமராவுக்கு மேல் பிடித்து, கறுப்பு வெள்ளையில் படம் எடுங்கள். நெற்றிக் குங்குமம் மைப் பொட்டாகிவிடும்.

பாடசாலை நாடகத்தில் மண்டையோட்டு முகமுள்ள பாத்திரம் வருகிறது. ஒப்பராவின் பேய் போலச் செய்ய முடியுமா?
— நாடகப் பொறுப்பாசிரியர், அக்கரைப்பற்று

சேனி செய்ததை அப்படியே செய்யாதீர்கள். மூக்கை மேலே இழுக்க மெல்லிய மீன்தோலும் பசையும், சில காட்சிகளுக்குக் கம்பியும் வைத்தார். கன்னம் உயரப் பஞ்சும், கொலோடியன் என்ற காய்ந்து இறுகும் திரவமும் வைத்தார். கொலோடியன் காயும்போது தோலைச் சுருக்கிப் பிடிக்கும், எளிதில் தீப்பற்றும். பிள்ளைகளுக்கு அது வேண்டாம். சில பழைய பெட்டிகளில் கிடக்கும் அரிதாரமும் வேண்டாம். அது ஆசனிக் கலந்த கனிமம்.

நிழலும் வெளிச்சமும் போதும். முதல் நாள் இரவே பூசப்போவதில் கொஞ்சம் முழங்கையின் உட்புறத்தில் தடவி, அரிப்பு வருகிறதா என்று பாருங்கள். நாடக நாளில் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்து, எண்ணெய்ப் பூச்சில் ஒரு கடலை அளவு மட்டும் எடுத்து முகம் முழுக்க மெல்லிதாகப் பரப்புங்கள். கூடினால் வியர்வையில் வழுக்கும். எங்கள் பக்கத்துப் புழுக்கத்தில் தண்ணீர்ப் பூச்சு அரை மணிக்கூட்டில் கோடு விழும்.

பிறகு கண்குழி, நெற்றியின் இரு ஓரத்துப் பொட்டுப் பள்ளம், கன்னக்குழி மூன்றிலும் மண்ணிறம். கன்னத்தில் மேல் விளிம்பு, எலும்புக்குச் சரியாகக் கீழே, கூராக நிற்க வேண்டும். கீழ் விளிம்பை விரலால் கரைத்துவிடுங்கள். நிழலுக்கு மேலே எலும்பின் மீது வெள்ளைக் கீற்று. பலர் பிழை விடுவது இங்கேதான். வெள்ளை இல்லாத நிழல், தூரத்தில் இருப்பவருக்குக் கரி பட்ட முகமாகவே தெரியும். மூக்குத் துவாரத்தின் விளிம்பைக் கறுப்பால் சற்று மேலே நீட்டினால் மூக்கு குட்டையாகும். சேனியும் துவாரத்தைக் கறுப்பாக்கினார். கடைசியில் பவுடரை ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள்.

தழும்பு வேண்டுமானால் டிஷூவில் ஒரே ஒரு தாளைக் கையால் கிழித்து, பொய் இமைமயிர் ஒட்டும் பசையில் மூன்று அடுக்கு. அடுக்குக்கு ஐந்து நிமிடம் காயவிடுங்கள். கத்தரியால் வெட்டினால் விளிம்பு காட்டிக்கொடுக்கும். கண்ணருகில் ஒட்டவே கூடாது.

லைட்டையும் முன்கூட்டிப் பாருங்கள். சிவப்பு பல்ப்புக்குக் கீழே சிவப்புப் பூச்சு மறைந்துபோகும், பச்சையில் கறுக்கும். ஒப்பனை கலைக்க இரண்டு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் தடவி, இரண்டு நிமிடம் பொறுத்து, பழைய பருத்தித் துணியால் எடுத்த பிறகுதான் சோப்பு.

கூனன் வேடத்துக்கு 70 இறாத்தல் கூனைச் சுமந்தாராமே?
— வாழைச்சேனை வாசகர்

அது விளம்பரக் கதை. 70 இறாத்தல் என்றால் ஏறக்குறைய 32 கிலோ. அதோடு ஏறிக் குதிக்க எவராலும் முடியாது. சாந்தில் செய்த கூன் சுமார் 20 இறாத்தல்தான், அதுவும் பாரம்தான். நீங்கள் செய்வதானால் ஸ்பொஞ்சில் செய்யுங்கள். ஒரு கிலோவைத் தாண்ட வேண்டாம். தோளில் மட்டும் மாட்டினால் குனியும்போது கழுத்துக்கு ஏறிவிடும். புத்தகப்பை போல இரண்டு பட்டியும், நெஞ்சைச் சுற்றி மூன்றாவது பட்டியும் கட்டுங்கள். கூனை நடுமுதுகில் வைக்காமல் ஒரு தோள்பட்டைக்கு மேல் வையுங்கள். அந்தப் பக்கத்துக் கால் தானாகவே இழுக்கத் தொடங்கும்.